கேட்கப் பழகும் குட்டிக்கரணம்: மழலையர் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

3 வயது முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தருகிறேன். வகுப்பு வாசலில் பெற்றோர் பிடித்து நிறுத்திக் கேட்கும் கேள்விகளில் கைகால் வளைவது பற்றியவை குறைவு. "சொன்னா கேக்கவே மாட்டேங்கிறான், இங்க வந்தா சரியாகுமா?" என்பதுதான் அதிகம். அந்தக் கேள்விக்கும் அதன் கிளைக் கேள்விகளுக்கும் என் அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் பதில் எழுதியிருக்கிறேன்.

குட்டிக்கரணம் போடச் சொல்லித்தரும் இடத்தில் கேட்கும் பழக்கம் எப்படி வரும்?

தமிழில் 'கேட்பது' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலை இருக்கிறது. சத்தம் காதில் விழுவதும் கேட்பதுதான், சந்தேகம் கேட்பதும் கேட்பதுதான், சொன்னபடி நடப்பதும் கேட்பதுதான். பிள்ளை கேட்க மாட்டேன் என்கிறது என்று நாம் சலித்துக்கொள்வது மூன்றாவதைப் பற்றி. அந்த மூன்றாவதற்குப் போய்ச் சேர ஒரு சின்னப் பிள்ளை எத்தனை படி ஏற வேண்டும் என்று பாருங்கள். செய்துகொண்டிருக்கும் வேலையிலிருந்து கவனத்தைப் பிய்த்தெடுக்க வேண்டும். வந்த சொல்லின் பொருளைப் பிடிக்க வேண்டும். அதை மறக்காமல் மனதில் வைத்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் காலை நிறுத்த வேண்டும். அப்புறம்தான் சொன்னதைச் செய்ய முடியும். இதில் எந்தப் படியில் வழுக்கினாலும் நம் கண்ணுக்கு 'கேட்கவில்லை' என்று ஒரே மாதிரிதான் தெரியும்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கேட்கிறதா, கனவு காண்கிறதா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மெத்தையில் அது தெரிந்துவிடும். சரிவான மெத்தையின் உச்சியில் பிள்ளை குந்தியிருக்க, என் கை அதன் பிடரிக்குப் பக்கத்தில் இருக்க, "மோவாயை நெஞ்சோடு ஒட்டு" என்கிறேன். ஒட்டினால் முதுகு பந்துபோல உருண்டு, கீழே போய் எழுந்து உட்காரும். ஒட்டாவிட்டால் பாதியில் தொப்பென்று பக்கவாட்டில் சாயும். வலிக்காது, ஆனால் வித்தியாசம் பிள்ளைக்கே புரியும். கேட்டதற்கான பலனை அதன் உடம்பே ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. என் பாராட்டுக்குக்கூட அங்கே பெரிய வேலை இல்லை.

வீட்டில் பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளை அங்கே மட்டும் கேட்டுவிடுமா?

முதலில், வீட்டில் எப்படிச் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். "ஓடாதே", "ஏறாதே", "தொடாதே", "கத்தாதே". ஒரு நாளில் பிள்ளை கேட்கும் கட்டளைகளில் பல 'ஆதே'யில் முடியும்.

அலெக்சாண்டர் லூரியா என்ற சோவியத் உளவியலாளர் மழலையரை வைத்துச் சில சோதனைகள் செய்தார். பிள்ளையின் கையில் ஒரு ரப்பர் குமிழைக் கொடுத்து, ஒரு நிற விளக்கு எரிந்தால் அழுத்து, இன்னொரு நிறம் எரிந்தால் அழுத்தாதே என்று சொன்னார். 3 வயதுப் பிள்ளைகளுக்கு 'அழுத்து' சுலபமாக வந்தது. 'அழுத்தாதே' வரவில்லை. 'அழுத்த மாட்டேன்' என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் அழுத்தின பிள்ளைகளும் உண்டு. அந்தச் சோதனைகளின் நுணுக்கங்களைப் பற்றிப் பின்னால் வந்தவர்கள் வாதாடியிருக்கிறார்கள். ஆனால் நான் தினமும் பார்ப்பது இதுதான்: இந்த வயதில் ஒரு சொல் உடம்பைக் கிளப்பிவிடும், நிறுத்தாது. 'ஓடாதே' என்பதில் பிள்ளைக்குப் பலமாக விழுவது 'ஓடு'. நிறுத்தும் திறமை மூளையின் முன்பகுதியைச் சேர்ந்தது. அந்தப் பகுதி முழுசாக முதிர இருபது வயது தாண்டியும் காலம் எடுத்துக்கொள்கிறது. 3 வயதில் அது வேலையைத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் நல்ல மழலையர் வகுப்பில் செய்ய வேண்டியதைத்தான் சொல்வார்கள். 'ஓடாதே' என்பதற்குப் பதில் 'பூனை நடை'. 'கையை விடாதே' என்பதற்குப் பதில் 'கம்பியை இறுக்கிப் பிடி'. 'முன்னால் இருப்பவனைத் தள்ளாதே' என்பதற்குப் பதில் 'உன் சிவப்பு வட்டத்தில் நில்'. பிள்ளை வகுப்பில் கேட்பதற்கும் வீட்டில் கேட்காததற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, சொல்லும் விதத்தில் இருக்கிறது. பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்களுக்கு 45 நிமிடம் இதுமட்டுமே வேலை. உங்களுக்கு அதோடு இன்னும் இருபது வேலை.

எந்த வயதில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

3 வயதில் இரண்டு படி: "மெத்தையில் ஏறு, உட்கார்." 4 வயதில் இரண்டோ மூன்றோ. 5 வயதில், ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று வேலைகளைக்கூடப் பல பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்வார்கள்: "பீமில் நட, குதித்து இறங்கு, மஞ்சள் பந்தைக் கூடையில் போடு." (பீம் என்பது மேலே ஏறி நடக்கும் ஒடுக்கமான நீளக் கட்டை.) பிள்ளைக்குப் பிள்ளை இது மாறும். ஒரே பிள்ளைக்கே தூக்கம் கெட்ட நாளில் ஒரு படி குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் கொஞ்சம் பொறுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாதவர்களும் வாய் திறந்தார்கள். மழலையருக்கு மூன்று நொடியும் போதாது என்பது என் அனுபவம். நான் சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுவேன். நான்காவது எண்ணில் கால் நகரும் பிள்ளைகள் நிறைய. நாம் இரண்டாவது நொடியிலேயே திரும்பச் சொன்னால், பாதி புரிந்திருந்ததைக் கலைத்துவிட்டு அது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வகுப்பு எப்படி நடக்கும்? கேட்கும் பழக்கம் அதில் எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. என் வகுப்பு நடப்பதைச் சொல்கிறேன்.

பிள்ளைகள் வந்ததும் தரையில் போட்டிருக்கும் வண்ண வட்டங்களில் ஆளுக்கு ஒன்றில் உட்காருவார்கள். 'உன் இடம்' என்று ஒன்று இருப்பது இந்த வயதில் பெரிய நிம்மதி. பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். கூப்பிட்டால் 'வந்தேன்' என்று கத்த வேண்டாம், ஒரு வடிவம் காட்ட வேண்டும்: முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டால் 'பந்து', காலை விரித்து உட்கார்ந்தால் 'முக்கோணம்', காலை நீட்டிக் குனிந்தால் 'மடித்த காகிதம்'. தன் பெயருக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களே முதல் பயிற்சி.

அடுத்தது மேளம். சின்ன கைமேளம் ஒன்று வைத்திருக்கிறேன். தட்டும்வரை தரையெங்கும் ஓடலாம், குதிக்கலாம், உருளலாம். நின்றதும் சிலையாக வேண்டும். தொடக்கத்தில் மேளம் நின்று மூன்று நான்கு நொடி கழித்துத்தான் கால்கள் நிற்கும். வாரங்கள் போகப்போக அந்த இடைவெளி சுருங்கும். ஒரு பையன், மேளம் நின்றபோது ஒரு காலைத் தூக்கியிருந்தான். இறக்கலாமா என்று அவனுக்குச் சந்தேகம். இறக்கவில்லை. கை இரண்டையும் விரித்து, உதட்டைக் கடித்து, நின்ற கால் முழுக்க நடுங்க, கண் மட்டும் மேளத்தின் மேல். நான் அடுத்த தட்டைத் தட்டும்வரை அப்படியே நின்றான். முதல் மாதம் சுவரில் மோதினால்தான் நிற்பவன் அவன். கேட்கும் பழக்கம் என்று நான் சொல்வது அந்த நடுங்கும் காலை.

அப்புறம் கருவிகளைச் சுற்றி வருவது. போட்டிகளில் பார்க்கும் பேலன்ஸ் பீம் 10 செ.மீ அகலம், 5 மீட்டர் நீளம், தரையிலிருந்து 125 செ.மீ உயரம். மழலையருக்கும் பெரும்பாலும் அதே அகலம்தான், ஆனால் பீம் தரையோடு கிடக்கும். அதில் ஏறியதும் எப்பேர்ப்பட்ட வாயாடியும் அமைதியாகிவிடுவதைக் கவனித்திருக்கிறேன். உடம்பு தடுமாறும்போது பிள்ளைக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. "கட்டைவிரலைப் பார்க்காதே" என்றால் கட்டைவிரலைத்தான் பார்க்கும். "அந்த நட்சத்திரத்தைப் பார்" என்றால் தலை நிமிரும், முதுகு நேராகும், அடுத்த அடி தைரியமாக விழும். தேவைப்படும் நேரத்தில் வந்த சொல் உதவியது என்று அதற்குத் தெரிந்துவிட்டால், அடுத்த தடவை என் குரலைத் தேடித் திரும்பும்.

பீமின் முனையிலிருந்து குதித்து இறங்குவதற்கு எங்கள் பெயர் 'பசைக்கால்'. முழங்காலை மடித்து, கையை முன்னால் நீட்டி, பசை போட்டதுபோல அசையாமல் மூன்று எண்ணும்வரை நிற்க வேண்டும். குதிப்பது யாருக்கும் வரும். நிற்பதற்குத்தான் பயிற்சி.

வரிசையில் காத்திருப்பதும் நல்ல பயிற்சிதானே?

கொஞ்ச நேரமானால் நல்லது. நீண்டால் கெடுதல். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரே பீம், பத்துப் பிள்ளைகள், ஆளுக்கு 30 நொடி. ஒரு தடவை இறங்கியவன் மறுபடி ஏற நாலரை நிமிடம் ஆகும். 3 வயதுப் பிள்ளைக்கு நாலரை நிமிடம் சும்மா நிற்பது நடக்காத காரியம். முன்னால் இருப்பவளின் சடையை இழுப்பான், மெத்தையைக் கிள்ளுவான், அவனைப் பெயர் சொல்லி அதட்டிக்கொண்டே இருப்பார்கள், வீட்டுக்குப் போகும்போது 'கேட்காத பிள்ளை' என்ற பெயரோடு போவான். அமைப்பு செய்த தவறைப் பிள்ளையின் தலையில் கட்டுவது எனக்குப் பொறுக்காத விஷயம். ஐந்தாறு இடங்களை வட்டமாக அமைத்து, பிள்ளைகள் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும்படி வைத்தால் காத்திருப்பு அரை நிமிடத்துக்குள் அடங்கும். அந்த அரை நிமிடத்தில் காத்திருக்கக் கற்றுக்கொள்வார்கள்.

கோச் கண்டிப்பாக, சத்தமாகப் பேசினால்தானே பிள்ளைகள் கேட்பார்கள்?

ஜிம் கூடங்கள் பெரும்பாலும் உயரமான கூரையும் வெறும் சுவரும் உள்ளவை. அங்கே கத்தினால் எதிரொலிதான் பெருகும். அதோடு, இரைச்சலுக்கு நடுவே ஒரு பேச்சைப் பிரித்தெடுப்பது பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். அவர்கள் காதுக்கு இரைச்சல் குறைவாகவும் பேச்சு பக்கத்திலிருந்தும் வர வேண்டும். தூரத்திலிருந்து கத்துவதைவிடப் பத்து அடி நடந்துபோய், குந்தி, முகம் பார்த்துப் பெயர் சொல்லி, மெதுவாகச் சொல்வது பலிக்கும்.

ஒரு நாள் தொண்டை கட்டி எனக்குக் குரலே வரவில்லை. வேறு வழியில்லாமல் வகுப்பு முழுவதையும் ரகசியம் பேசுவதுபோல நடத்தினேன். பிள்ளைகள் நெருங்கி வந்து, வாயைப் பார்த்து, அவர்களும் ரகசியமாகவே பதில் சொன்னார்கள். தொண்டை சரியான பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. முக்கியமானதை எல்லாம் இன்றுவரை ரகசியமாகத்தான் சொல்கிறேன்.

என் பிள்ளை வகுப்பில் எதையும் செய்யாமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. நிறுத்திவிடலாமா?

அவசரப்படாதீர்கள். புது இடம், துள்ளும் தரை, தொங்கும் வளையம், அறிமுகமில்லாத ஆள். நாலு முதல் ஆறு வாரம் கொடுங்கள்.

ஒரு பெண் குழந்தை வந்தாள். முதல் ஒன்றரை மாதம் பீமுக்குப் பக்கத்தில் மெத்தையில் குப்புறப் படுத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் தலையை ஆட்டுவாள், வர மாட்டாள். அவள் அம்மா ரொம்பவே சங்கடப்பட்டார். ஒரு நாள் செல்போனில் ஒரு வீடியோ கொண்டுவந்து காட்டினார். வீட்டுக் கூடத்தில் பொம்மைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. அவள் ஒரு டப்பாவைத் தட்டிக்கொண்டு, "பசைக்கால்! கரடி, முழங்கால மடி. ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று என் குரலிலேயே வகுப்பு நடத்துகிறாள். ஒரு சொல் விடவில்லை. படுத்திருந்த ஒன்றரை மாதமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஏழாவது வாரம் எழுந்து வந்தாள்.

எல்லாப் பிள்ளையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஓடுகிற பிள்ளைக்கு வகுப்பு நேரம் பொருந்தவில்லையா என்றும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூங்கும் நேரத்தில் வகுப்பு வைத்தால் எந்த உத்தியும் எடுபடாது. நேரத்தை மாற்றியதும் வேறு பிள்ளைபோல ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காதில் ஏதாவது கோளாறு இருக்குமோ?

இருக்கலாம். இதைக் கேட்கும் பெற்றோரை நான் ஒருபோதும் 'சும்மா பயப்படாதீர்கள்' என்று திருப்பி அனுப்புவதில்லை.

நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையாகவும், பெரியவர்களுக்கு இருப்பதைவிடப் படுக்கை வாட்டமாகவும் இருக்கும். சளி பிடித்தால் அது அடைத்துக்கொண்டு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிவிடும். வலி, காய்ச்சல் எதுவும் இல்லாமலேயே இது நடக்கும். அப்போது பிள்ளைக்கு உலகம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல மங்கும். ஒரு வாரம் கேட்கும், அடுத்த வாரம் மந்தமாகும். அதனால்தான் 'வேண்டும்போது மட்டும் காது கேட்கும்' என்று பெரியவர்கள் தப்பாக முடிவுகட்டிவிடுகிறார்கள்.

என்னிடம் ஒரு பையன் எல்லாவற்றையும் சரியாகச் செய்தான், ஆனால் எப்போதும் அரை நொடி தாமதம். உற்றுப் பார்த்தேன். மேளம் நின்றதும் அவன் நிற்பதில்லை. பக்கத்துப் பிள்ளை நின்றதும் நிற்கிறான். அவனை முன்னால் நிறுத்தி, யாரும் கண்ணில் படாதபடி, பின்னாலிருந்து பேசிப் பார்த்தேன். திரும்பவில்லை. மருத்துவர் பார்த்தபோது இரண்டு காதிலும் நீர். இது பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாக வடிந்துவிடும். வடியாதபோது மருத்துவர் அடுத்த வழி சொல்வார். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது, 'என்ன, என்ன' என்று திரும்பத் திரும்பக் கேட்பது, பேச்சு தெளியாமல் இருப்பது, வாயால் மூச்சு விடுவது, கூப்பிட்டால் முகத்தைப் பார்த்தால் மட்டும் பதில் சொல்வது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் செவித்திறன் சோதனை செய்துவிடுங்கள். அதுவரை 'சொல்பேச்சு கேட்காதவன்' என்ற பெயரை வைக்க வேண்டாம்.

கவனக்குறைவுப் பிரச்சினையாக இருக்குமா?

வகுப்பில் ஓடுவதை மட்டும் வைத்து யாரும் சொல்ல முடியாது. நான் சொல்லவே கூடாது, அது என் வேலை அல்ல. 4 வயதுக்கு மேல், வீட்டிலும் பள்ளியிலும் வெளியிடத்திலும் ஒரே மாதிரி சிரமம் பல மாதமாகத் தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள். கோச்சிடமும் தயங்காமல் சொல்லுங்கள். படம் போட்ட அட்டைகள், குட்டி வரிசை, ஓரமாக ஓர் அமைதியான மூலை என்று செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

நாங்கள் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் தயவுசெய்து உள்ளிருந்து குரல் கொடுக்காதீர்கள். "மிஸ் சொல்றத கேளு", "கைய நீட்டு கண்ணா" என்று நீங்கள் சொல்லும் நொடியில் பிள்ளைக்கு இரண்டு குரல். அதில் அம்மா குரல்தான் எப்போதும் ஜெயிக்கும். ஜெயித்ததும் தலை உங்கள் பக்கம் திரும்பும். பீமில் நிற்கும்போது தலை திரும்பினால் விழும்.

சொன்னதைக் கேட்டால் ஸ்டிக்கர், மிட்டாய் கொடுப்பது சரியா?

வகுப்பு முடிவில் கையில் ஒரு முத்திரை குத்துகிறேன். எல்லோருக்கும் உண்டு, யாருக்கும் மறுப்பதில்லை. கேட்டதற்கு விலையாக எதையும் கொடுப்பதில்லை. பாராட்டும்போது 'நல்ல பிள்ளை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், "மேளம் நின்றதும் நின்றாயே, பார்த்தேன்" என்று நடந்ததைச் சொல்கிறேன். எதைச் செய்தோம் என்று அதற்குத் தெரிந்தால்தானே மறுபடி செய்யும்.

கேட்கவில்லை என்றால் தண்டனை உண்டா?

ஆபத்தான காரியம் செய்தால், உதாரணமாக இன்னொரு பிள்ளை குதிக்கும் இடத்தில் போய் நின்றால், கையைப் பிடித்து என் பக்கத்தில் உட்கார வைத்து, என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லி, மறுபடி அனுப்புவேன். ஓட விடுவது, தோப்புக்கரணம் போட வைப்பது போன்ற தண்டனைகள் கிடையாது. உடலை அசைப்பதைத் தண்டனையாக்கினால், அசைவதையே வெறுக்கக் கற்றுக்கொடுக்கிறோம்.

இதையொட்டி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேட்கும் பழக்கத்துக்கும் வாயடைத்துப் பணிவதற்கும் நடுவில் உள்ள கோட்டை ஜிம்னாஸ்டிக்ஸ் பலமுறை தாண்டியிருக்கிறது. பிரிட்டனில் ஜிம்னாஸ்ட்கள் கொடுத்த புகார்களை விசாரித்து 2022இல் வெளியான வைட் அறிக்கை, காயத்தோடு பயிற்சி செய்ய வைத்தது, அளவுமீறி உடலை வளைத்தது, எடையைச் சொல்லி வதைத்தது என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறது. வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையைப் பெரியவர்கள் கேட்காத இடங்கள் அவை. அதனால் என் வகுப்பில் பிள்ளைகளுக்கும் ஒரு சொல் உண்டு: 'போதும்'. யார் எப்போது சொன்னாலும் என் கை விலகும், பயிற்சி நிற்கும். காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். விளையாட்டுக்காகச் சும்மா சொல்லிப் பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. அப்போதும் நிறுத்துகிறேன். தன் சொல் கேட்கப்படுகிறது என்று பார்க்கும் பிள்ளை, பிறர் சொல்லைக் கேட்பதற்குப் பயப்படாது.

வீட்டில் தமிழ் பேசுகிறோம். வகுப்பு வேறு மொழியில். பிள்ளைக்குப் புரியுமா?

மற்ற எந்த வகுப்பைவிடவும் இங்கே சீக்கிரம் புரியும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர், கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்துகாட்டியே புது மொழியைப் படிக்கும் முறையை 1960களில் உருவாக்கினார். 'குதி' என்ற சொல்லோடு குதித்தால் சொல் உடம்பில் தங்கிவிடும் என்பது அதன் அடிப்படை. ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு இயல்பிலேயே அப்படித்தான் நடக்கிறது. வகுப்பில் வரும் பத்துப் பதினைந்து சொற்களைக் கோச்சிடம் வாங்கி வீட்டில் விளையாட்டாகச் சொல்லிப் பாருங்கள். முதல் வாரங்களில் பிள்ளை மற்றவர்களைப் பார்த்துச் செய்வது இயல்புதான்.

நல்ல வகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பைப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள்? 3 வயதுக்கு ஆறு, 5 வயதுக்கு எட்டு, அதற்குமேல் போனால் நான் தயங்குவேன். ஒரு பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்: பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் அது அசைந்தது, எத்தனை நிமிடம் நின்றது? கோச் பேசும்போது குனிகிறாரா? செய்து காட்டுகிறாரா, வாயால் மட்டும் சொல்கிறாரா? டிராம்போலினில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதானா? அழும் பிள்ளையை என்ன செய்கிறார்கள்? பாட்டுப்பெட்டி ஓயாமல் அலறிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் கேட்கும் பழக்கம் வளராது, கூடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

தரையில் டேப்பால் ஒரு நீளக் கோடு ஒட்டுங்கள், அதுதான் பீம். பாட்டைப் போட்டு நிறுத்தி, சிலை விளையாட்டு விளையாடுங்கள். 4 வயது தாண்டியிருந்தால் எதிர்ப்பதம் விளையாட்டு அருமை: 'தலையைத் தொடு' என்றால் கால்விரலைத் தொட வேண்டும், 'கால்விரல்' என்றால் தலை. முதல் சொல் காதில் விழுந்ததும் கிளம்பும் கையைப் பிடித்து நிறுத்தி, மாற்றி அனுப்புவதுதான் அதில் உள்ள பயிற்சி. மழலையரின் சுயகட்டுப்பாட்டை அளக்க ஆய்வாளர்களே இதை ஒரு சோதனையாகப் பயன்படுத்துகிறார்கள். சில சமயம் நீங்கள் தப்பாகச் செய்யுங்கள், பிள்ளை பிடிக்கட்டும். 'கேள்' என்று நாம் சொல்வதைப்போல அவர்களும் நமக்குச் சொல்ல ஆசைப்படுவார்கள். ஐந்து நிமிடம் அவர்களைக் கோச்சாக்கி, சொன்னதை எல்லாம் செய்யுங்கள்.

கட்டிலில் குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, இரண்டும் வீட்டில் வேண்டாம். கழுத்துக்கு ஆபத்து.

எத்தனை நாளில் பலன் தெரியும்? பள்ளியிலும் கேட்க ஆரம்பித்துவிடுமா?

மேளம் நின்றதும் நிற்பது இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும். அது தானாகப் பள்ளிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் தாவிவிடும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. சின்னப் பிள்ளைகள் ஓர் இடத்தில் கற்றதை அந்த இடத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்வார்கள். பாலம் போட வேண்டியது நாம்தான். வகுப்பில் உள்ள அதே சொல்லை வீட்டிலும் பயன்படுத்துங்கள். ஒரு அப்பா, கார் கதவைத் திறப்பதற்கு முன்னால் "பசைக்கால்" என்பார். இறங்கியதும் மகள் முழங்காலை மடித்து, கையை நீட்டி, அப்பா கையைப் பிடிக்கும்வரை அப்படியே நிற்பாள். (கையைப் பிடிப்பதை எந்தச் சொல்லும் ஈடுசெய்யாது, அதை விட்டுவிடாதீர்கள்.)

வாரம் ஒரு வகுப்பு என்பது சின்ன அளவுதான் என்பதையும் மறக்க வேண்டாம். மேலே சொன்ன அதே 2019 வழிகாட்டுதல், 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 180 நிமிட உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்கிறது. அந்த நேரமெல்லாம் வகுப்பாக இருக்க வேண்டியதில்லை. ஓட ஓர் இடம் இருந்தால் போதும்.

முதல் நாள் எப்படி அனுப்ப வேண்டும்?

வெறுங்கால். ஒட்டிய உடை. தலைமுடியைக் காதும் கண்ணும் மறைக்காதபடி கட்டிவிடுங்கள். வயிறு நிறைய இல்லாமல், பசியும் இல்லாமல். பத்து நிமிடம் முன்னால் வந்தால் கூடத்தைச் சுற்றிப் பார்க்கலாம். கழிப்பறை எங்கே என்று காட்டிவிடுங்கள், அந்தக் கவலை இருக்கும் பிள்ளை எதையும் கேட்காது.

வகுப்பு முடிந்ததும் "கோச் சொன்னதக் கேட்டியா?" என்று விசாரிக்காதீர்கள். "இன்னிக்கு எப்படிக் குதிச்சு நின்ன, காட்டு" என்று கேளுங்கள். வீட்டுக்குப் போனதும் காட்டுவார்கள். அதற்கு முன்னால் டீப்பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிடுங்கள்.